புதிய திட்டத்துக்கு எந்த வெப் ஃபிரேம்வொர்க்? படிப்படியாகத் தேர்ந்தெடுக்கும் முறை

வெப் ஃபிரேம்வொர்க் என்பது இணையதளம் கட்டுவதற்கு உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு. இவற்றை ஒப்பிடும் பட்டியல்களுக்குக் குறைவே இல்லை. அவற்றைப் படித்து முடித்த பிறகும் முடிவெடுக்க முடியாமல் போவதற்குக் காரணம், அந்தப் பட்டியல் எழுதியவருக்கு உங்கள் திட்டம் தெரியாது என்பதுதான். அதனால் ஒரு சிறு திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவோம். ஒரு சங்கத்துக்கு நூலகம் இருக்கிறது. உறுப்பினர்கள் லாகின் செய்து புத்தகம் தேட வேண்டும், இரவல் கேட்க வேண்டும். நூலகர் கொடுத்ததையும் திரும்பி வந்ததையும் பதிவு செய்ய வேண்டும். தவணை தாண்டினால் மின்னஞ்சல் போக வேண்டும். இதற்கு எது சரி?

படி 1: திரைகளைத் தாளில் எழுதுங்கள்

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். யார் யார் உள்ளே வருவார்கள், எதைப் பார்ப்பார்கள், எதை மாற்றுவார்கள் என்று எழுதுங்கள். நூலகத்துக்கு ஏழெட்டுத் திரைகள் தேறும். "மாற்றுவார்கள்" என்ற பகுதி காலியாக இருந்தால், அதாவது வருகிறவர்கள் வெறுமனே படித்துவிட்டுப் போகிறார்கள் என்றால், பெரிய ஃபிரேம்வொர்க் எதுவும் தேவையில்லை. சாதாரண ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் போதும். பக்கங்கள் நிறைய இருந்தால் ஹியூகோ, ஆஸ்ட்ரோ மாதிரி, பக்கங்களை மொத்தமாக ஆக்கித்தரும் கருவி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். புதிதாகக் கற்றுக்கொள்ள ஆசையோடு வந்தவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும்.

படி 2: எந்தப் பக்கத்து வேலை என்று பிரியுங்கள்

"ரியாக்ட் நல்லதா, ஜாங்கோ நல்லதா?" என்று கேட்பவர்கள் நிறைய. இரண்டும் ஒரே வேலைக்கு வந்தவை அல்ல. 2013-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட், பிரவுசரில் திரையை வரைகிற ஆயத்த நிரல் தொகுப்பு. தரவுத்தளம், லாகின், மின்னஞ்சல் எதையும் அது தொடாது. வியூ, ஸ்வெல்ட், ஆங்குலர் ஆகியவையும் இதே பக்கம்தான். ஜாங்கோ, லாராவெல், ரெயில்ஸ், எக்ஸ்பிரஸ், ஃபிளாஸ்க் ஆகியவை சர்வரில் ஓடுபவை. நெக்ஸ்ட் மாதிரி இரண்டு பக்கத்திலும் கால் வைப்பவையும் உண்டு. அவற்றை இரண்டாவது திட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எழுதி வைத்த தாளைத் திரும்பப் பாருங்கள். நூலகத்தில் இருப்பவை எல்லாம் பட்டியலும் படிவமும்தான். சர்வர் பக்கத்தைத் தயாரித்து அனுப்பினால் பிரவுசர் காட்டிவிடும். முன்பக்கத்துக்குத் தனி ஃபிரேம்வொர்க் வேண்டாம். அரட்டை, வரைபடத்தில் இழுத்து வைப்பது, எக்செல் மாதிரி கட்டத்துக்குள்ளேயே திருத்துவது என்று பக்கம் மாறாமலேயே திரை ஓயாமல் மாறுகிற வேலை இருந்தால்தான் ரியாக்ட், வியூ பக்கம் போக வேண்டும்.

படி 3: தெரிந்த மொழியிலேயே நில்லுங்கள்

பைத்தான் தெரியுமென்றால் ஜாங்கோ, ஃபிளாஸ்க். பிஹெச்பி என்றால் லாராவெல். ரூபி என்றால் ரெயில்ஸ். ஜாவாஸ்கிரிப்ட் என்றால் எக்ஸ்பிரஸ். ஜாவா என்றால் ஸ்பிரிங் பூட். புது மொழியையும் புது ஃபிரேம்வொர்க்கையும் ஒன்றாகத் தொட்டால், பிழை வரும்போது அது எதனுடைய பிழை என்றே தெரியாது.

படி 4: சலிப்பான வேலைகளைப் பட்டியலிடுங்கள்

என்னைக் கேட்டால் முடிவு இந்தப் படியில்தான் இருக்கிறது. வேகம், பிரபலம், கிட்ஹப் தளத்தில் எத்தனை பேர் நட்சத்திரம் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அப்புறம். உங்கள் திட்டத்தில் யாரும் பாராட்டப் போகாத, ஆனால் செய்தே ஆக வேண்டிய வேலைகள் எவை? லாகின், கடவுச்சொல் மறந்தால் மாற்றுவது, படிவத்தில் தவறான தகவல் வந்தால் தடுப்பது, நீளமான பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரிப்பது, நிர்வாகத் திரை, தரவுத்தள மாற்றங்கள்.

இதில் "கடவுச்சொல் மறந்துவிட்டேன்" என்ற ஒரே ஒரு இணைப்பை மட்டும் அவிழ்த்துப் பார்ப்போம். அதை அழுத்தினால், யாராலும் ஊகிக்க முடியாத ஒரு முகவரி உருவாகி மின்னஞ்சலில் போக வேண்டும். சில நாட்களில் அது காலாவதியாக வேண்டும். ஒரு முறை பயன்படுத்தி விட்டால் மறுபடி வேலை செய்யக் கூடாது. புதிய கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல், திரும்பப் பிரிக்க முடியாத ஹேஷாக மாற்றிச் சேமிக்க வேண்டும். கொடுத்த மின்னஞ்சல் உறுப்பினருடையதா இல்லையா என்று வெளியாளுக்குக் காட்டிக்கொடுக்கவும் கூடாது. ஜாங்கோவில் இவை கூடவே வருகின்றன. இணைப்பு இயல்பாக 3 நாளில் காலாவதியாகும். அந்த இணைப்பில் உள்ள ரகசியக் குறியீடு பழைய கடவுச்சொல்லின் ஹேஷையும் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், கடவுச்சொல் மாறிய நொடியே பழைய இணைப்பு தானாகச் செத்துவிடும். இதை ஒரு தொடக்கநிலை ஆள் சொந்தமாக எழுதினால் எங்காவது ஓட்டை விழும்.

எக்ஸ்பிரஸும் ஃபிளாஸ்க்கும் வேண்டுமென்றே சிறியவை. எந்த முகவரிக்கு எந்தப் பதில் என்பதைப் பார்த்துக்கொள்வதோடு அவற்றின் பொறுப்பு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. லாகின், தரவுத்தளம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பொதியை (பிறர் எழுதி வைத்த நிரலை) தேடி நீங்களே இணைக்க வேண்டும். அனுபவம் உள்ளவருக்கு அது சுதந்திரம். புதியவருக்கு, ஒரு ஃபிரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுக்க வந்த இடத்தில் பத்துத் தேர்வுகள் வந்து நிற்கும். ஒரே ஒரு சிறு ஏபிஐ (வேறு நிரல்கள் தகவல் கேட்டு வாங்கும் வழி) எழுத வேண்டுமென்றால் மட்டும் இவற்றைத் தாராளமாக எடுக்கலாம்.

ஜாங்கோ, லாராவெல், ரெயில்ஸ் மூன்றும் எதிர் வகை. ஆனால் இவற்றுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. ஜாங்கோ அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து 2005-இல் வெளியானது. செய்தி ஆசிரியர்களே உள்ளடக்கத்தைப் போட்டு எடுக்க வேண்டியிருந்த இடம் அது. அதனால்தான் அதில் ஆயத்தமான அட்மின் திரை இருக்கிறது. புத்தகம் என்ற மாடலை (புத்தகத்துக்கு என்னென்ன தகவல் என்று சொல்லும் நிரலை) எழுதி ஒரு வரியில் பதிவு செய்தால், சேர்க்க, திருத்த, நீக்க எல்லாத் திரையும் கிடைக்கும். நம் நூலகர் முதல் வாரமே வேலையைத் தொடங்கிவிடலாம். ரெயில்ஸ் 2004-இலேயே வந்துவிட்டாலும், லாகின் நிரல்களை ஆக்கித்தரும் கட்டளை 2024-இல் வந்த 8-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. லாராவெலில் ஸ்டார்ட்டர் கிட் என்ற ஆயத்தத் தொகுப்பைப் போட்டால் பதிவு, லாகின் திரைகள் வந்துவிடும்.

படி 5: ஆதரவு எதுவரை என்று பாருங்கள்

2010-இல் கூகுளிடமிருந்து வந்த ஆங்குலர் ஜேஎஸ்-ஸை நம்பிக் கட்டியவர்களுக்கு 2016-இல் வந்தது முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட ஆங்குலர் 2. மேம்படுத்துவது என்றால் பெரும்பகுதியைத் திரும்ப எழுதுவது என்றாகிவிட்டது. பெரிய நிறுவனம் பின்னால் நிற்கிறது என்பது மட்டும் போதாது என்பதற்காகச் சொல்கிறேன். ஃபிரேம்வொர்க்கின் தளத்திலேயே எந்தப் பதிப்புக்கு எதுவரை பாதுகாப்புத் திருத்தம் என்ற அட்டவணை இருக்கும். 2025 ஏப்ரலில் வந்த ஜாங்கோ 5.2 நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 2028 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. லாராவெலில் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் பிழைத்திருத்தம் 18 மாதம், பாதுகாப்புத் திருத்தம் 2 ஆண்டு. ஆண்டுக்கொருமுறை உட்கார்ந்து பதிப்பை உயர்த்த ஆள் இல்லாத சங்கத்துக்கு ஜாங்கோவின் கணக்கு வசதி.

படி 6: எங்கே ஓடப்போகிறது?

சங்கத்திடம் ஏற்கெனவே ஷேர்டு ஹோஸ்டிங் (பலர் பகிர்ந்துகொள்ளும் வாடகை சர்வர்) இருக்கிறதா? அதில் பிஹெச்பி கிட்டத்தட்ட நிச்சயம் ஓடும். பைத்தான், நோடு (ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டுவது) ஓடுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சர்வரைச் சொந்தமாகப் பராமரிக்கத் தெரியாதவருக்கு இந்த ஒரு பதிலே லாராவெல் பக்கம் தள்ளிவிடலாம், அதில் தப்பும் இல்லை.

படி 7: மிஞ்சிய இரண்டிலும் ஒரே துண்டைச் செய்து பாருங்கள்

இந்நேரம் பட்டியலில் இரண்டு பெயர்தான் மிஞ்சியிருக்கும். இரண்டிலும் லாகின், புத்தகப் பட்டியல், புத்தகம் சேர்க்கும் படிவம், இந்த மூன்றை மட்டும் கட்டுங்கள். யூடியூப் காணொளியை வைத்துக்கொண்டு தட்டச்சு செய்யாதீர்கள். அதிகாரபூர்வ ஆவணத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குச் சிக்கல் வந்தால் உதவப் போவது அதுதான்.

முடிந்ததும் இரண்டு குறும்புகள் செய்யுங்கள். முதலாவது, ஒரு மாறியின் பெயரை வேண்டுமென்றே தவறாக எழுதி, வரும் பிழைச் செய்தியைப் படியுங்கள். எந்தக் கோப்பில், எந்த வரியில் என்று அது சொல்கிறதா, அல்லது உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத நாற்பது கோப்புகளின் பெயர் வந்து விழுகிறதா?

இரண்டாவது இன்னும் முக்கியம். சில புத்தகங்களைச் சேர்த்த பிறகு, புத்தக அட்டவணையில் "அலமாரி எண்" என்று காலியாக விட முடியாத ஒரு நெடுவரிசையைச் சேருங்கள். நிஜத் திட்டத்தில் இது மாதம் ஒருமுறை நடக்கும். ஜாங்கோவில் மாடலில் ஒரு வரி சேர்த்து, தரவுத்தள அமைப்பை மாற்றுவதற்கான மைக்ரேஷன் கட்டளையைக் கொடுத்தால், அது நின்று கேட்கும்: ஏற்கெனவே உள்ள வரிசைகளுக்கு என்ன மதிப்பு போடட்டும்? லாராவெலில் அந்த மாற்றத்துக்கான மைக்ரேஷன் கோப்பை நீங்கள் எழுத வேண்டும். என்ன நடக்கிறது என்று கண்ணெதிரே தெரியும். எது உங்களுக்கு நிம்மதி தருகிறது என்பது ஆளைப் பொறுத்தது. எக்ஸ்பிரஸை வைத்திருந்தால், இந்த வேலைக்கு முதலில் வேறொரு கருவியைத் தேடியிருப்பீர்கள்.

இரண்டும் சமமாகத் தோன்றினால், சந்தேகம் கேட்க ஆள் கிடைக்கிற பக்கம் போங்கள். எங்கள் நூலக உதாரணத்துக்கு, பைத்தான் தெரிந்தவர் என்றால் ஜாங்கோ, ஷேர்டு ஹோஸ்டிங்தான் கதி என்றால் லாராவெல் என்று சொல்வேன். முடிவானதும் திட்டத்தின் ரீட்மீ கோப்பில் எதை, ஏன் எடுத்தீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். பதிப்பு எண்ணையும் சார்புக் கோப்பில் (திட்டம் பயன்படுத்தும் பொதிகளின் பட்டியலில்) பூட்டி வைத்துவிட்டு, அட்மின் திரையிலிருந்து கட்ட ஆரம்பியுங்கள்.