கல்லூரி ஊரின் வாக்கைப் படிப்பது எப்படி? சிதம்பரத்தை முன்வைத்து ஒரு வழிகாட்டி

சிதம்பரம் போன்ற ஊரில் மாணவர்கள் எந்தப் பக்கமோ ஊரும் அந்தப் பக்கம்தான் என்று தேர்தல்தோறும் பேசப்படுகிறது. அதை அப்படியே ஏற்பதற்கு முன் ஒரு பழைய செய்தியை நினைவில் கொள்ள வேண்டும். 1965 ஜனவரி 27 அன்று, இந்தித் திணிப்பை எதிர்த்துத் திரண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மீது காவல்துறை சுட்டதில் மாணவர் ராஜேந்திரன் உயிரிழந்தார். 1967ல் ஆட்சியே மாறியது. ஆனால் அக்காலத்தில் வாக்களிக்கும் வயது 21 என்பதால், ஊர்வலம் போன இளைஞர்களில் பலருக்கு அன்று வாக்கே இல்லை. 1989ல் வயது 18 ஆகக் குறைக்கப்பட்ட பிறகும், வளாகத்தில் கேட்கும் குரலையும் வாக்குச்சாவடியில் பதிவாகும் எண்ணையும் தனித்தனியாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் எல்லையைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ரயில் பாதைக்குக் கிழக்கே உள்ள பல்கலைக்கழகப் பகுதியான அண்ணாமலை நகர் தனிப் பேரூராட்சி. மேற்கே கோயிலைச் சுற்றிய ஊர் சிதம்பரம் நகராட்சி. ஆகவே வளாகக் குடியிருப்பில் பெயர் உள்ளவர் சிதம்பரம் நகர்மன்றத்துக்கு வாக்களிப்பதில்லை. நாடாளுமன்றத் தொகுதியோ அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் வரை நீள்கிறது. 2019ல் தொல். திருமாவளவன் 3,219 வாக்கு வித்தியாசத்தில் வென்றதையும் 2024ல் அந்த வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டியதையும் வைத்து ஊரின் மனநிலையைச் சொல்வது பெரும் பிழை. அந்த எண்ணிக்கையில் நகரத்தின் பங்கு சிறியது.

அடுத்து, தேர்தல் ஆணையம் வெளியிடும் படிவம் 20ஐ எடுங்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு வரி; அதில் வேட்பாளர் வாரியாக வாக்குகள், செல்லத்தக்க வாக்குகளின் கூட்டல், நோட்டா, மொத்தம் என்று கட்டங்கள் இருக்கும். பெரும்பாலும் ஸ்கேன் செய்த தாளாகவே கிடைப்பதால் கையால்தான் தட்டச்சு செய்ய வேண்டும். ஒவ்வொரு வரியையும் கூட்டிச் சரிபார்க்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். சாவடி எண்களை நம்பி இரண்டு தேர்தல்களை ஒப்பிடவும் கூடாது. சாவடிகள் பிரிக்கப்படும்போதும் சேர்க்கப்படும்போதும் எண் நகர்ந்துவிடும். வாக்காளர் பட்டியலின் ஒவ்வொரு பாகத்திலும் முதல் பக்கத்தில் தெருப் பெயர்கள் அச்சாகியிருக்கும். ஒப்பீட்டுக்கு அவையே ஆதாரம்.

அதே பட்டியலின் உள்பக்கங்களை நிதானமாகப் புரட்டுங்கள், ஏனெனில் கல்லூரி ஊரின் உண்மை அங்கேதான் இருக்கிறது. சாதாரண தெருவில் ஒரே கதவு எண்ணின் கீழ் கணவர், மனைவி, மகன் என்று தந்தை பெயரும் கணவர் பெயரும் ஒன்றோடொன்று பிணைந்து வரும். விடுதி முகவரியில் மாணவர்கள் பதிவு செய்திருந்தால், ஒரே எண்ணின் கீழ் தொடர்பே இல்லாத தந்தை பெயர்களோடு 18 முதல் 25 வயதுள்ளவர்கள் வரிசையாக நிற்பார்கள். அப்படிப்பட்ட பக்கங்களை எண்ணினாலே, மாணவர் வாக்கு என்று பேசப்படுவது உண்மையில் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும். விடுதி மாணவர் சொந்த ஊரிலோ விடுதியிலோ ஓரிடத்தில் மட்டுமே பெயர் வைத்திருக்கலாம். பலர் ஊரிலேயே விட்டுவைக்கிறார்கள். எனவே கல்லூரிக்கு அருகே உள்ள சாவடியில் பதிவாகும் வாக்குகளில் ஊழியர், மெஸ் நடத்துபவர், ஜெராக்ஸ் கடைக்காரர், வீடு வாடகைக்கு விடுபவர் ஆகியோரின் வாக்குகளையும் தேட வேண்டும். 2013ல் பல்கலைக்கழகத்தை அரசு ஏற்ற பிறகு உபரி ஊழியர்கள் வெளியூர்களுக்குப் பணிமாற்றம் செய்யப்பட்டது இந்த வீடுகள் பலவற்றைத் தொட்ட நிகழ்வு. இதைத் தவிர்த்துவிட்டு அங்குள்ள வாக்கை விளக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. ஒன்றை மறக்க வேண்டாம்: தேர்தல் பணிக்குச் செல்லும் ஊழியர்களின் தபால் வாக்குகள் சாவடி வரிசையில் வராமல் தொகுதிக்கே ஒரு வரியில் முடிந்துவிடும்.

கட்சி வாக்கைக் கணக்கிடும்போது கூட்டணியைக் கழிக்காமல் எதையும் எழுதாதீர்கள். 2011ல் சிதம்பரம் சட்டமன்றத் தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் கே. பாலகிருஷ்ணன் அதிமுக கூட்டணியில் நின்று வென்றார். 2016ல் அக்கட்சி திமுக, அதிமுக இரண்டையும் சேராத மக்கள் நலக் கூட்டணிக்குப் போனது; அதிமுகவின் கே. ஏ. பாண்டியன் திமுகவை 1,506 வாக்குகளில் முந்தினார். இந்த இரண்டு தேர்தல்களிலும் ஒரு சின்னத்துக்கு விழுந்த வாக்குகளை நேருக்கு நேர் வைத்தால், ஊர் மாறியதா, கூட்டணி மாறியதா என்பது பிரியாது.

உள்ளாட்சிக்கு வேறு அளவுகோல் வேண்டும். 2022 பிப்ரவரி 19 அன்று மக்கள் வாக்களித்தது வார்டு கவுன்சிலருக்கு. தலைவரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தார்கள். சில நூறு வாக்குகள் முடிவு செய்யும் வார்டில் குடிநீர்க் குழாய், சாக்கடை, வேட்பாளரின் உறவுமுறை ஆகியவை கட்சியை மிஞ்சக்கூடும். இந்தத் தகவல் எந்தப் படிவத்திலும் இல்லாததால், வார்டில் நான்கு தெருக்களாவது நடந்து, காலை தேநீர்க் கடையிலும் மாலை ரேஷன் கடை வாசலிலும் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

கிடைத்த முடிவை வெளியிடும்போது, ஒரு தெருவை மட்டுமே கொண்ட சாவடியின் எண்களைத் தனியாகக் காட்டாதீர்கள். பக்கத்துச் சாவடிகளோடு சேர்த்தே கொடுங்கள். எந்தத் தெரு யாருக்குப் போடவில்லை என்பது தெரிந்தால் அந்தத் தெருவின் விளக்கு எரியாமல் போகும் அபாயம் சிற்றூரில் உண்மையானது.