வெண்பொருள் நோய் உள்ளவர்களின் மூளை ரத்த ஓட்டத்தை மதிப்பிடும் முறை

நெடுங்காலம் ரத்த அழுத்தம் உள்ள முதியவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால், ஃப்ளேர் என்ற வகைப் படத்தில் மூளையின் நீரறைகளைச் சுற்றியும், நரம்பிழைகள் நிறைந்த உட்பகுதியான வெண்பொருளின் ஆழத்திலும் வெள்ளைத் திட்டுகள் தெரிவதுண்டு. பெரும்பாலும் அவை மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதுபட்டதற்கான, அதாவது சிறுநாள நோய்க்கான, அடையாளங்கள். அந்தப் பகுதிக்குப் போதிய ரத்தம் போகிறதா என்று நோயாளியின் குடும்பத்தாரும் கேட்பார்கள், மருத்துவரும் கேட்பார். அளப்பதற்குக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் வெண்பொருளின் ரத்த ஓட்டம், சிறிது கவனம் தவறினாலும் பிழையான எண்ணைக் கொடுத்துவிடும். நரம்பியலிலும் கதிரியலிலும் பயிற்சி பெறுவோரையும் ஸ்கேன் தொழில்நுட்பர்களையும் மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன்.

திட்டுகள் தெரிந்த எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. கழுத்துத் தமனியில் அடைப்பு இருக்கும்போதும், திட்டுகள் ஒரு பக்கம் மட்டும் மிகுந்திருக்கும்போதும், காடாசில் போன்ற பரம்பரைச் சிறுநாள நோய் உறுதியானவர்களைத் தொடர்ந்து கவனிக்கும்போதும், மருந்தின் விளைவை ஆராயும்போதும்தான் அது உண்மையில் பயன்படுகிறது. முதலில் நோய் எதுவென்று தெளிவாக வேண்டும். நீரறைகளுக்குச் செங்குத்தாக நிற்கும் முட்டை வடிவத் திட்டுகள் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்புறை நோயைச் சுட்டும். பொட்டு மடலின் முன்முனையில் திட்டுகள் இருந்தால் காடாசிலை நினைக்க வேண்டும். சிறுநாள நோய்தான் என்று முடிவான பின், 1987இல் வெளியான ஃபேசகாஸ் அளவுகோலின்படி நீரறையைச் சுற்றிய திட்டுகளுக்கும் ஆழத்துத் திட்டுகளுக்கும் தனித்தனியே 0 முதல் 3 வரை மதிப்பெண் இட்டு, ரத்தம் கிடைக்காமல் திசு இறந்த சிறு குழிகளையும் (இன்ஃபார்க்ட்) நுண்கசிவுகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பின்னணி இல்லாமல் வரும் ரத்த ஓட்ட எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது.

வெண்பொருளை அளப்பது ஏன் கடினம் என்பதை அதன் அமைப்பே சொல்லும். நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல்பொருளில் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 80 மில்லிலிட்டர் வரை ரத்தம் ஓடுகிறது. வெண்பொருளில் அது ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிலிட்டர்தான். அந்தக் குறைந்த ரத்தமும் மூளையின் மேற்பரப்பிலிருந்து உள்ளிறங்கும் நீண்ட, மெல்லிய தமனிகளின் வழியே தாமதமாகவே வந்து சேர்கிறது. நீரறையை ஒட்டிய பகுதி அந்தப் பாதையின் கடைசி எல்லை. மாற்றுவழி இணைப்புகள் அங்கே மிகக் குறைவு. ஆகவே குறைந்த அளவு, நீண்ட தாமதம் என்ற இரண்டையும் எப்போதும் நினைவில் வைத்தே அளக்க வேண்டும்.

நுண்குழாய்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் பெருங்குழாய்களைப் பார்த்துவிட வேண்டும். கழுத்துத் தமனி டாப்ளரோ எம்.ஆர். ஆஞ்சியோகிராமோ இல்லாமல் ரத்த ஓட்ட ஸ்கேனைப் படிப்பதை நான் ஏற்பதில்லை. உள்கழுத்துத் தமனியில் இறுக்கமான அடைப்பு இருந்தால், அதற்குப் பின்னால் உள்ள வெண்பொருளில் தெரியும் குறைவைச் சிறுநாள நோயின் கணக்கில் எழுதிவிடும் அபாயம் இருக்கிறது.

சோதனை நாளின் நிலைமைகளைச் சீராக வைப்பது பலரும் அலட்சியம் செய்யும் படி. காஃபீன் மூளை ரத்த ஓட்டத்தை ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைக்கக்கூடும். காலையில் குடித்த காபியின் விளைவை நோயின் விளைவு என்று படித்துவிட இது ஒன்றே போதும். தினமும் காபி குடிப்பவர் ஒருநாள் முழுவதும் அதை நிறுத்தினால் ரத்த ஓட்டம் இயல்புக்கு மேல் ஏறுவதும் உண்டு. எனவே சோதனைக்கு முந்தைய சில மணி நேரம் மட்டும் காபி, தேநீர், புகை ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லி, கடைசியாகக் குடித்த நேரத்தைப் படிவத்தில் எழுதிக்கொள்வது நல்லது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லக் கூடாது. வழக்கம்போல் சாப்பிட்டு வரட்டும். ஹீமோகுளோபின் அளவு கையில் இருக்க வேண்டும், ஏனெனில் ரத்தசோகையில் மூளை ரத்த ஓட்டம் கூடும், அந்தக் கூடுதல் உண்மையான குறைவை மறைத்துவிடும். ஸ்கேன் குழாய்க்குள் பயந்து வேகமாக மூச்சு வாங்குபவரின் ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால், அவருடைய மூளைத் தமனிகள் சுருங்கி ஓட்டம் குறையும். படுக்க வைத்த பின் சில நிமிடம் பேசி அமைதிப்படுத்துவதும் அளவீட்டின் ஒரு பகுதிதான்.

பெரும்பாலான நோயாளிகளுக்கு ஏற்ற முறை ஏ.எஸ்.எல். (ஆர்ட்டீரியல் ஸ்பின் லேபிளிங்) எனப்படும் எம்.ஆர்.ஐ. முறை. இதில் ஊசி மருந்து இல்லை, கதிர்வீச்சு இல்லை, சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் தடையில்லை. கழுத்துத் தமனிகளில் ஓடும் ரத்தத்தின் நீர் மூலக்கூறுகளை ரேடியோ அலையால் அடையாளமிட்டு, அவை மூளையை அடையும்வரை காத்திருந்து ஒரு படமும், அடையாளமிடாமல் இன்னொரு படமும் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறோம். சாம்பல்பொருளிலேயே இந்த வேறுபாடு ஒரு சதவீத அளவுதான், வெண்பொருளில் இன்னும் குறைவு. அதனால் 3 டெஸ்லா காந்தவலிமை உள்ள கருவியில், பின்னணித் திசுவின் சமிக்ஞையை அடக்கி, முப்பரிமாணப் பதிவாக, பல இணைப் படங்களை எடுத்துச் சராசரி காண வேண்டும். அடையாளமிடும் தளம் கழுத்துத் தமனிகள் நேராக ஓடும் இடத்தில், அவற்றுக்குச் செங்குத்தாக அமைய வேண்டும். ஆஞ்சியோகிராமைப் பார்த்து வைத்தால் தவறு நேராது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது காத்திருக்கும் நேரம். 2015இல் வெளியான பன்னாட்டு நிபுணர் பரிந்துரை, 1.8 வினாடி அடையாளமிட்டு, 70 வயதுக்குக் கீழுள்ள ஆரோக்கியமானவர்களுக்கு 1.8 வினாடியும், 70 வயதைக் கடந்தவர்களுக்கும் நோயாளிகளுக்கும் 2 வினாடியும் காத்திருக்கச் சொல்கிறது. வெண்பொருளுக்கு ரத்தம் இன்னும் தாமதமாகவே வந்து சேரும். அதற்காக வெகுநேரம் காத்திருக்கவும் வழியில்லை, ஏனெனில் 3 டெஸ்லாவில் ரத்தத்தில் இட்ட அடையாளம் சுமார் 1.65 வினாடி காலமாறிலியில் (ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைய எடுக்கும் நேரம்) மங்கிக்கொண்டே போகிறது. ஆகவே கருவியில் வசதி இருந்தால், பல காத்திருப்பு நேரங்களில் படமெடுத்து, ரத்தம் வந்து சேரும் நேரத்தையும் ஓட்டத்தையும் சேர்த்தே கணக்கிடும் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நேரம்தான் முடியும் என்றால், வெண்பொருளின் எண்ணை உண்மையான ஓட்டமாகக் கொள்ளாமல், தாமதமும் கலந்த மதிப்பாகவே அறிக்கையில் எழுத வேண்டும்.

படத்தைப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படவேண்டியது, மூளையின் ஓரங்களில் புழுப்போல் நெளிந்து பளிச்சிடும் கோடுகள். அடையாளமிட்ட ரத்தம் திசுவுக்குள் இறங்காமல் தமனியிலேயே தங்கியிருப்பதை அவை காட்டுகின்றன. அவற்றை அடுத்த பகுதி இருண்டிருந்தால், அங்கே ரத்தம் இல்லை என்று பொருளல்ல. இன்னும் வந்து சேரவில்லை என்பதே பொருள். இந்த ஒரு காட்சியைச் சரியாகப் படிக்கத் தெரியாததால் எழுதப்படும் தவறான அறிக்கைகள் குறித்து எனக்கு உண்மையாகவே கவலை உண்டு.

அடுத்து, அளக்கும் இடத்தைப் பிரிக்க வேண்டும். திட்டின் உட்பகுதி, திட்டைச் சுற்றிய விளிம்பு, இயல்பாகத் தோன்றும் வெண்பொருள், சாம்பல்பொருள் என்று நான்காகப் பிரித்துத் தனித்தனியே எண் எடுக்கவும். ஏ.எஸ்.எல். படத்தின் ஒரு கட்டம் சில மில்லிமீட்டர் அகலம் உடையது. மூளையின் மேலடுக்கான புறணியை ஒட்டிய கட்டங்களில் சாம்பல்பொருளின் மிகுதியான ஓட்டம் கலந்துவிடும். எனவே படத்தில் வெண்பொருளைக் குறித்துக் காட்டும் முகமூடியின் (மாஸ்க்) ஓரத்தைச் சில மில்லிமீட்டர் சுரண்டிவிட்டு, உட்பகுதியை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும். விளிம்பைத் தனியாகப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது: ஃப்ளேர் படத்தில் இயல்பாகத் தெரிந்தாலும் திட்டைச் சுற்றிய வளையத்தில் ஓட்டம் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன.

ஓய்வுநிலை ஓட்டம் மட்டும் போதாத இடங்களில், தேவைக்கேற்ப நாளங்கள் விரியும் திறனைச் சோதிக்கலாம். கரியமில வாயு கலந்த காற்றை மூச்சாகக் கொடுத்தோ, அசிட்டசோலமைடு 1 கிராமைச் சிரை வழியாகச் செலுத்தியோ, முன்னும் பின்னும் அளப்பார்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சிறுநீரகமோ கல்லீரலோ கடுமையாகப் பழுதானவர்களுக்கும் அந்த மருந்து ஆகாது. இயல்பாகத் தெரிந்து, பிறகு திட்டாக மாறிய இடங்களில் இந்த விரிதிறன் முன்கூட்டியே குறைந்திருந்தது ஆய்வில் பதிவாகியிருப்பதால், ஓய்வுநிலை எண்ணைவிட இதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆக்சிஜன்-15 நீரைக் கொண்டு செய்யும் பெட் ஸ்கேனே உரைகல். ஆனால் அந்த ஆக்சிஜனின் அரைவாழ்வு சுமார் 2 நிமிடம் என்பதால் அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் கருவி அருகிலேயே இருக்க வேண்டும். சி.டி. பெர்ஃபியூஷன் திடீர் பக்கவாதத்துக்கு ஏற்றது, வெண்பொருளின் சிறு வேறுபாடுகளுக்கு அல்ல. தலை வழி டாப்ளர் மலிவானது, படுக்கை அருகிலேயே செய்யலாம். ஆனால் அது பெருந்தமனியில் ரத்தத்தின் வேகத்தைத்தான் சொல்லும், திசுவின் ஓட்டத்தைச் சொல்லாது. முதிய பெண்கள் பலருக்குப் பொட்டெலும்பு வழியே அலை நுழைவதே இல்லை.

கிடைத்த எண்ணிலிருந்து எவ்வளவு முடிவு செய்யலாம் என்பதில் நிதானம் வேண்டும். ஓட்டம் குறைந்ததால் வெண்பொருள் சிதைந்ததா, சிதைந்த திசுவுக்குத் தேவை குறைந்ததால் ஓட்டம் குறைந்ததா என்பதை ஒரே ஒரு ஸ்கேன் சொல்லாது. ஓட்டம் குறைந்திருக்கிறது என்று படித்த உடனே ரத்த அழுத்த மருந்தைக் குறைத்துவிடும் போக்கும் சரியல்ல. அமெரிக்காவில் நடந்த ஸ்பிரின்ட் ஆய்வில், மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவரும் இலக்கோடு சிகிச்சை பெற்றவர்களின் திட்டுகள் சுமார் 4 ஆண்டுகளில் 0.92 கன சென்டிமீட்டர் வளர்ந்தன. 140க்குக் கீழே என்ற இலக்கு வைத்தவர்களுக்கு அது 1.45. தீவிர சிகிச்சை பெற்றவர்களின் மூளை ரத்த ஓட்டம் குறையவும் இல்லை, கூடியது. நீரிழிவு உள்ளவர்களும் முன்பே பக்கவாதம் வந்தவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும், கழுத்துத் தமனி இறுக்கமாக அடைபட்டவரின் நிலை வேறு என்பதையும் மறக்கக் கூடாது.

அறிக்கையில் கருவியின் காந்தவலிமை, அடையாளமிட்ட நேரம், காத்திருந்த நேரம், ஹீமோகுளோபின், சோதனை நேரத்து ரத்த அழுத்தம், கடைசியாகக் காபி குடித்த நேரம், நான்கு பகுதிகளின் எண்கள், தமனிக் கோடுகள் தெரிந்தனவா என்பது ஆகிய எல்லாம் இடம்பெற வேண்டும். ஓராண்டு கழித்து மறுபடி அளக்கும்போது அதே கருவியில், அதே அமைப்பில், ஏறத்தாழ அதே வேளையில் எடுத்தால்தான் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியும். கருவியோ மென்பொருளோ மாறியிருந்தால், சாம்பல்பொருளுக்கும் வெண்பொருளுக்கும் உள்ள விகிதத்தை மட்டும் எச்சரிக்கையோடு ஒப்பிட்டு, மாறிய விவரத்தை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.