119-வது தனிமத்துக்கு நீங்களே பெயர் எழுதலாம்

தனிம அட்டவணை இப்போது 118-ல் நிற்கிறது. 119-ஐ இன்னும் யாரும் உருவாக்கிக் காட்டவில்லை, ஆனால் பெயர் மட்டும் தயார். அது எப்படி வருகிறது என்று ஒரு பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

முதலில் எண். இது கண்டுபிடித்த வரிசையும் இல்லை, எடை வரிசையும் இல்லை. அணுக்கருவில் எத்தனை புரோட்டான் இருக்கிறதோ அதுதான் அணு எண். எடைப்படி அடுக்கினால் அயோடின் டெலூரியத்துக்கு முன்னால் வந்துவிடும். தனிம அட்டவணையை வகுத்த மெண்டலீவ் வேதிப்பண்பைப் பார்த்து அந்த இரண்டையும் இடம் மாற்றி வைத்தார், ஆனால் அவர் செய்தது ஏன் சரி என்பது 1913-ல் இயற்பியலாளர் மோஸ்லி தனிமங்களின் எக்ஸ்-கதிர்களை அளந்து அணு எண்ணைக் காட்டிய பிறகுதான் புரிந்தது.

அடுத்து, எண்ணின் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு சொல்: 0 நில், 1 ஊன், 2 பி, 3 ட்ரி, 4 குவாட், 5 பென்ட், 6 ஹெக்ஸ், 7 செப்ட், 8 ஆக்ட், 9 என். லத்தீனும் கிரேக்கமும் ஏன் கலந்து கிடக்கிறது என்று தோன்றும். லத்தீன் மட்டும் என்றால் 4, 5 இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கும், 6, 7-க்கும் அதே கதை, அப்புறம் முதலெழுத்துகளை வைத்துக் குறியீடு போட முடியாது.

இப்போது ஒட்டுங்கள். 1, 1, 9, கடைசியில் 'இயம்': ஊன்+ஊன்+என்+இயம், அதாவது ஊனூனென்னியம். குறியீடு யு, யு, இ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். வாயில் நுழையவில்லைதான், தற்காலிகப் பெயர்தானே!

ஒரு இடத்தில் கவனம். பி, ட்ரி இரண்டும் 'இயம்' முன்னால் வந்தால் ஒரு இகரம் போய்விடும். 112 ஊனூன்பிஇயம் அல்ல, ஊனூன்பியம்.

அந்த 112-ஐ ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 1996-ல் உருவாக்கினார்கள், நிலையான பெயர் 2010-ல்தான் வந்தது: கோப்பர்நீசியம். முதலில் கேட்ட குறியீடு சி, பி. அது லுட்டீசியத்தின் பழைய பெயரான காசியோப்பியத்துக்கு முன்பே ஓடிய குறியீடு என்பதால் சி, என் என்று மாற்றினார்கள்.

நிலையான பெயரைக் கண்டுபிடித்தவர்கள் முன்மொழிவார்கள், ஐயுபிஏசி என்ற சர்வதேச வேதியியல் அமைப்பு ஒப்புதல் தரும். புராணம், கனிமம், ஊர், பண்பு, விஞ்ஞானி, இந்த ஐந்தில் ஒன்றிலிருந்து வர வேண்டும். விகுதி நம் விருப்பம் இல்லை: 17-வது தொகுதி (அட்டவணையின் செங்குத்து வரிசை) என்றால் 'ஈன்', 18-வது என்றால் 'ஆன்', மற்றவை 'இயம்'. அதனால்தான் 2016-ல் 113 நிஹோனியம் ஆனது, 117 டென்னசின் ஆனது, 118 விஞ்ஞானி யூரி ஒகனேசியன் பெயரால் ஒகனேசான் ஆனது.

சரி, 126-ஐ நீங்கள் எழுதுங்கள். ஊன்பிஹெக்ஸியம் வந்ததா?