நுரையீரல் பயிற்சி ஆய்வுக்குக் கூப்பிட்டால் யாரிடம் எதைக் கேட்பது?

பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கான மறுவாழ்வுப் பயிற்சி ஆய்வு ஒன்றில் என் வேலை, அவர்களை நடக்க வைத்து அளப்பது மட்டும்தான். முக்கூடல், ஆலங்குளம் பக்கமிருந்து மூச்சு இளைப்போடு ஆச்சிகள் வருவார்கள். விறகடுப்புப் புகையிலேயே காலம் தள்ளியவர்கள். பீடி குடித்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட அண்ணாச்சிகளும் உண்டு. எல்லோரும் முதலில் கேட்பது, "இங்க பெரிய டாக்டர் யாரு?" என்றுதான். ஆனால் ஆய்வில் ஆளுக்கொரு வேலை. அது தெரிந்தால் சரியான ஆளிடம் போய்க் கேட்கலாம்.

முதலில் பேசுவது பெரும்பாலும் ஆய்வு வேலைகளை ஒருங்கிணைக்கும் கோ-ஆர்டினேட்டர்தான். அவர் ஒப்புதல் படிவத்தை நீட்டியதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் மகனையோ மகளையோ வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது, ஆய்வுக் குழுவில் இல்லாத ஒரு சாட்சி கூடவே இருக்க வேண்டும். பஸ் காசு யார் தருவது, வாரம் எத்தனை நாள் வர வேண்டும் என்பதையெல்லாம் இவரிடமே கேளுங்கள். பயிற்சி பொதுவாக 6 முதல் 12 வாரம் நடக்கும். சிடிஆர்ஐ, அதாவது இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் அரசுப் பதிவேட்டில் உள்ள பதிவு எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய டாக்டர், அதாவது தலைமை ஆய்வாளரிடம் உடம்பைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். போன ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு வந்திருந்தால் நடைச் சோதனை வேண்டாம் என்று தள்ளி வைப்போம். அவர் மேலேயே குறை இருந்தால், ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் கவனிக்கும் நெறிமுறைக் குழுவுக்குச் சொல்லலாம். தொடர்பு எண் படிவத்திலேயே இருக்கும். அந்தக் குழுவில் சட்டம் தெரிந்தவரும், மருத்துவத் துறையில் இல்லாத ஒருவரும் இருப்பார்கள்.

பயிற்சிக் குழுவா, வழக்கமான சிகிச்சை மட்டும் பெறும் குழுவா என்பது குலுக்கல் மாதிரிதான். எந்தச் சிபாரிசும் செல்லாது. குலுக்கலில் பயிற்சி கிடைக்காவிட்டால், ஆய்வு முடிந்த பிறகாவது தருவீர்களா என்று சேரும் முன்பே கேட்டு வையுங்கள்.

இனி என் கதை. நீங்கள் எந்தக் குழு என்று என்னிடம் மட்டும் சொல்லவே கூடாது. நம்ம ஊர்க்காரர்களுக்கு இது ரொம்பக் கஷ்டம். உட்கார்ந்ததுமே, "ஏம்மா, அந்தப் பிள்ளை சைக்கிள் மிதிக்கச் சொன்னது நல்லாக் கேக்கு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் அவரை அளக்க வேறு ஆளைத்தான் தேட வேண்டும். சோதனை 30 மீட்டர் நடைபாதையில் 6 நிமிடம். ஒருவருக்கு உண்மையிலேயே முன்னேற்றம் என்று சொல்ல ஏறக்குறைய 30 மீட்டர் கூடினால் போதும். கூடவே நின்று உற்சாகப்படுத்தினாலே கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் கூடிவிடும் என்று 1984-லேயே ஓர் ஆய்வு காட்டியது. நீங்கள் பயிற்சி எடுத்தவர் என்று தெரிந்தால் என் குரலே மாறிவிடும். அதனால்தான் நிமிடத்துக்கொரு தடவை எழுதிவைத்த வாசகத்தையே சொல்கிறேன். சிடுமூஞ்சி என்று நினைக்க வேண்டாம்.

சோதனையன்று வழக்கமான மாத்திரை, இன்ஹேலர் எதையும் நிறுத்தாதீர்கள். ஊதிப் பார்க்கும் சோதனையும் அன்றைக்கே இருந்தால் மட்டும் இன்ஹேலரை எப்போது எடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வரலாம். தேயாத செருப்பு போதும், கம்பு ஊன்றுபவர் கம்போடு வாருங்கள். நகப்பூச்சோ அடர்த்தியான மருதாணியோ இருந்தால் சொல்லுங்கள். ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவி சரியாகக் காட்டாமல் போகலாம். நடுவில் மூச்சு வாங்கினால் நிற்கலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. பெரும்பாலும் இரண்டு முறை நடக்கச் சொல்வோம், ஏனென்றால் இரண்டாவது தடவை பழக்கத்திலேயே கொஞ்சம் கூடுதலாக நடப்பார்கள்.

கடைசியாக, எங்கள் அளவுகளையெல்லாம் கணக்குப் போட்டு முடிவு சொல்லும் புள்ளியியல்காரர். அவரை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். அவருக்கு உங்கள் பெயரும் தெரியாது, எண்தான். நடவு, கோயில் கொடை என்று பாதியில் பயிற்சியை விட்டவர்கள், இனி என்ன முகத்தோடு போவது என்று கடைசிச் சோதனைக்கும் வராமல் இருந்துவிடுகிறார்கள். உங்களுக்குச் சம்மதமென்றால் தயவுசெய்து வாருங்கள். விட்டவர்களின் அளவும் அவர் கணக்குக்கு வேண்டும். ஏன் பயிற்சிக்கு வரவில்லை என்று நான் கேட்க மாட்டேன்; நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.