பழைய காரின் ஆஷ்ட்ரேயைக் கழற்றி எறியாதீர்கள்

பெரியப்பாவின் அம்பாசிடரைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுக்கப் போன நாள். பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. கதவைச் சாத்தினால் பழையபடி கனமாக உட்கார்ந்தது. உள்ளே ஏறி டாஷ்போர்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஆஷ்ட்ரே இருந்த இடத்தில் ஒரு தகட்டை வெட்டிப் பொருத்தி, மேலே அதே பெயிண்டை அடித்திருந்தார்கள். “நீங்கதான் சிகரெட்டே பிடிக்கிறதில்லையே சார், அது எதுக்குன்னு எடுத்துட்டோம்” என்றார் டிங்கர். நல்ல எண்ணத்தில் செய்த வேலைதான். ஆனால் கழற்றிய ஆஷ்ட்ரே அதற்குள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அதே மாதிரி இன்னொன்று கிடைக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அந்தக் காலத்துக் கார்களின் உட்புறத்தில் பாதி விஷயங்கள் புகைப்பவர்களை மனதில் வைத்தே அமைக்கப்பட்டவை. 1965-இல் அமெரிக்காவில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் சிகரெட் பிடித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில்தான், சிகரெட்டால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று அந்நாட்டு அரசின் தலைமை மருத்துவ அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது. முன் சீட்டின் முதுகில், பின்னால் உட்காருபவர்களுக்கென்று ஓர் ஆஷ்ட்ரே இருக்கும். பின் சீட்டில் உட்காருவது பெரும்பாலும் குழந்தைகள். அவர்கள் முகத்துக்கு நேரே அது இருக்கும். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. இன்று இந்தக் கார்களை வாங்குகிற, சரிசெய்கிற பலர் புகைப்பழக்கம் இல்லாதவர்கள். எது எதற்காக இருந்தது என்று தெரியாமலே அதில் கை வைத்துவிடுகிறோம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். பழைய கார் எல்லாவற்றையும் ‘விண்டேஜ்’ என்று சொல்லிவிடாதீர்கள். பிரிட்டனில் அந்தச் சொல் 1919 முதல் 1930 வரை வந்த கார்களுக்கு மட்டும்தான். நம் நாட்டில் 2021-இல் வந்த விதிப்படி 50 வருடத்துக்கு மேலான, சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிதான் விண்டேஜ். அதற்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி நம்பர் உண்டு. விற்பவர் ‘விண்டேஜ்’ என்று விலை சொன்னால் எந்தக் கணக்கில் சொல்கிறார் என்று கேளுங்கள்.

சரி, சிகரெட் பற்றவைக்க டாஷ்போர்டில் இருக்கும் லைட்டருக்கு வருவோம். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கார் பிறந்த நாளிலிருந்தே லைட்டர் இருந்தது என்று நினைப்பது தவறு. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற ஃபோர்டு மாடல் டி-யில் கம்பெனி கொடுத்த லைட்டரும் இல்லை, ஆஷ்ட்ரேயும் இல்லை. மாடல் டி-யைப் புதுப்பித்துவிட்டு, ‘அந்தக் காலத்து அழகு’ என்று டாஷ்போர்டில் துளை போட்டு லைட்டர் வைப்பவர்கள் இல்லாத ஒரு வரலாற்றை அதில் சேர்க்கிறார்கள். மின்சார லைட்டர் டாஷ்போர்டுக்குள் வந்து உட்கார்ந்தது 1920-களில்தான். அப்போதும் அது சுருட்டுக்கான லைட்டர். அந்தத் துளை ஏன் அத்தனை அகலம் என்று யோசித்திருக்கிறீர்களா? சிகரெட் பற்றவைக்க அவ்வளவு தேவையில்லை. சுருட்டின் பருமனுக்கு வைத்த அளவு அது. பழைய கையேடுகளில் ‘சிகார் லைட்டர்’ என்றே இருக்கும். நாம் இன்று போன் சார்ஜரைச் செருகுகிற துளையின் அளவு அங்கிருந்து வந்ததுதான்.

அது வேலை செய்யும் விதம் அழகானது. குமிழை உள்ளே அழுத்தினால், அதன் நுனியில் இருக்கும் சுருள் கம்பி போய் சாக்கெட்டின் அடியில் உள்ள இரண்டு மூன்று உலோக விரல்களுக்குள் மாட்டிக்கொள்ளும். மின்சாரம் பாய்ந்து கம்பி செக்கச்செவேல் என்று பழுக்கும். அந்த விரல்கள் இரண்டு வகை உலோகத்தை ஒட்டிச் செய்தவை. சூடு ஏறியதும் ஒரு பக்கம் அதிகமாக நீண்டு, வளைந்து, பிடியை விட்டுவிடும். ஸ்பிரிங் குமிழை ‘டக்’ என்று வெளியே தள்ளும். இன்று நாம் பார்க்கும் தானாக வெளியே வரும் அமைப்பைக் காஸ்கோ கம்பெனி 1956 முதல் உருவாக்கி, 1960-இல் காப்புரிமை வாங்கியது. அதற்கு முந்தைய லைட்டர்களில் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியவையும் உண்டு. பழைய வண்டியின் லைட்டரை அழுத்திவிட்டு, அதுவே வெளியே வந்துவிடும் என்று நம்பி வேறு வேலையைப் பார்க்காதீர்கள். சிக்கிக்கொண்டால் வயரிங் உருகும்.

அந்த உலோக விரல்கள் இருக்கும் சாக்கெட்டில் சார்ஜரைச் செருகுவது அடுத்த தவறு. சார்ஜரின் பக்கவாட்டு ஸ்பிரிங்குகள் அந்த விரல்களைத் தொட்டால் ஷார்ட் ஆகும். தொடாவிட்டாலும் அவற்றை வளைத்துக் கெடுக்கும். அப்புறம் லைட்டர் பிடியை விடாது, அல்லது பிடிக்கவே பிடிக்காது. உள்ளே ஒரு நாணயம் விழுந்தாலும் இதே கதைதான்.

வோல்டேஜையும் பாருங்கள். அமெரிக்கக் கார்கள் 1950-களின் நடுவில்தான் 6 வோல்ட்டிலிருந்து 12-க்கு மாறின. அமெரிக்கச் சந்தைக்கான ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1966 மாடல் வரை 6 வோல்ட்டிலேயே ஓடியது. 6 வோல்ட் லைட்டரை 12 வோல்ட் வண்டியில் போட்டால் மின்னோட்டம் இரட்டிப்பாகும், சூடு நான்கு மடங்காகும். சுருள் சில நொடிகளில் எரிந்துபோகும், அதோடு நிற்காமல் சாக்கெட்டையும் கருக்கும்.

பழைய பிரிட்டிஷ் கார்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 1960-களின் பிற்பகுதி வரை அவற்றில் பெரும்பாலானவை பாசிட்டிவ் எர்த். அதாவது பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். கோவை நண்பர் ஒருவருடைய மோரிஸ் மைனரில் யாரோ பிற்பாடு பொருத்திய சாக்கெட்டில் நான் சார்ஜரைச் செருகினேன். சின்னதாக ஒரு ‘பட்’, பிறகு தீய்ந்த பிளாஸ்டிக் வாசனை. சார்ஜர் முடிந்தது, போன் அப்போது அதில் சொருகியிருக்கவில்லை என்பதால் தப்பியது. சாக்கெட்டின் உட்சுவர் மைனஸ், நடுமுனை பிளஸ் என்று சார்ஜர் எதிர்பார்க்கும். அந்த வண்டியில் இரண்டும் தலைகீழ். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் கனமான கேபிள் எந்த முனையிலிருந்து கிளம்புகிறது என்று பானட்டைத் தூக்கி ஒரு தடவை பார்த்துவிடுங்கள். லைட்டர் வயரில் ஃப்யூஸ் இல்லையென்றால் ஒன்று போட்டுவிடுவதும் நல்லது. 12 வோல்ட் லைட்டர் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும்.

அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் முன் கதவில் ஒரு முக்கோணக் குட்டிக் கண்ணாடி உண்டு, நினைவிருக்கிறதா? ‘சிகரெட் சாம்பலைத் தட்டுவதற்கென்றே வைத்தது’ என்று பலர் அடித்துச் சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன். அது காற்றுக்காக வந்தது. 1920-களின் தொடக்கத்தில் பெரும்பாலும் திறந்த கார்கள்; பத்தாண்டுக்குள் அமெரிக்கர்கள் கூரையும் கண்ணாடியும் உள்ள மூடிய கார்களுக்கு மாறிவிட்டார்கள். நாலு பேர் மூச்சு, நாலு பேர் புகை, மழை வந்தால் கண்ணாடி எல்லாம் பனி. பெரிய கண்ணாடியை இறக்கினால் குளிரும் மழையும் முகத்தில் அறையும். அதற்குத் தீர்வாக ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1933-இல் இந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்தது. லேசாகத் திறந்தால் வெளியே வேகமாக ஓடும் காற்று உள்ளே இருக்கும் புழுக்கத்தை உறிஞ்சி எடுக்கும். முழுக்கத் திருப்பினால் காற்றை வாரி உள்ளே போடும். புகைப்பவர்களுக்கு இது அமைந்துபோனது, அவ்வளவுதான். டாஷ்போர்டிலிருந்து முகத்துக்கு நேரே காற்று விடும் வசதியும் ஏசியும் வந்தபின் அதற்கு வேலை குறைந்தது. 1968 கமாரோவில் ஜெனரல் மோட்டார்ஸே அதை எடுத்துவிட்டது. ஏசி இல்லாத நம் டாக்சிகளில் அது பல வருடம் உயிரோடு இருந்ததில் வியப்பில்லை. சித்திரை வெயிலில் அந்தக் குட்டிக் கண்ணாடி வழியாக வந்த காற்றுக்கு ஈடாக எதையும் நான் சொல்லமாட்டேன்.

அதைத் திறக்க வரவில்லையென்றால் அழுத்தித் தள்ளாதீர்கள். கீழே உள்ள சுழல் ஊசி துருப்பிடித்திருக்கும், கைப்பிடி துத்தநாகக் கலவையில் வார்த்ததாக இருந்தால் சட்டென்று முறியும். துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி விட்டுவைத்தால் மறுநாள் தானாக அசையும்.

வாசனை விஷயத்தில் செய்யும் தவறுகள்தான் எனக்கு மனவருத்தம் தருபவை. முப்பது வருடம் புகைத்த காரில் பெர்ஃப்யூம் தொங்கவிட்டால் புகையும் மல்லிகையும் கலந்து குமட்டும். நிக்கோட்டினும் தாரும் கண்ணாடியின் உட்பக்கம், கூரைத் துணி, சீட்டின் பஞ்சு வரை படிந்திருக்கும். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து வெள்ளைத் துணியை நனைத்து முன் கண்ணாடியின் உட்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். துணி டிகாக்ஷன் நிறத்தில் வரும். நான்கைந்து துணி மாற்றிய பிறகுதான் வெள்ளையாக வரும். காற்றில் உள்ள நைட்ரஸ் அமிலத்தோடு இந்தப் படிவு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களாக மாறுகிறது என்பது ஆய்வில் தெரிந்த விஷயம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தையை உதவிக்குக் கூப்பிடாதீர்கள்.

கூரைத் துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கவே கூடாது. பழைய கார்களில் அது வில்போல வளைந்த கம்பிகளில் தைத்துத் தொங்கவிட்ட துணி. கம்பளித் துணியானால் நனைந்ததும் சுருங்கும், தையல் விட்டுப்போகும். மென்மையான பிரஷ் வைத்த வேக்குவம், அப்புறம் ஈரம் குறைந்த நுரை, அதுவும் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துவிட்டு. ஓசோன் மெஷின் வைத்து ‘ஒரே நாளில் வாசனை போக்குகிறோம்’ என்பவர்களிடம் பழைய காரைக் கொடுக்காதீர்கள். ஓசோன் ரப்பரை வெடிக்கவைக்கும். கதவு ரப்பர் பீடிங் இன்று எங்கே கிடைக்கிறது?

ஆஷ்ட்ரேயையும் அப்படியே விட்டுவைக்கக் கூடாது. சிகரெட் சாம்பல் காரத்தன்மை கொண்டது. சென்னை மாதிரி கடலோர ஊரில் ஈரக்காற்றோடு சேர்ந்தால் தகட்டைத் தின்னும். கழற்றி, கொட்டி, கழுவி, நன்றாக உலர்த்தி, லேசாக எண்ணெய் பூசி மறுபடி மாட்டுங்கள். குரோம் மங்கியிருக்கிறது என்று ஆசிட்டில் போடாதீர்கள். அடியில் துத்தநாகக் கலவை என்றால் புள்ளி புள்ளியாகக் குழி விழும்.

காரோடு வந்த சின்னச் சாமான்களை ‘எக்ஸ்ட்ரா’ என்று ஒதுக்குவதும் பெரிய இழப்பு. 1955-இல் டாட்ஜ் கம்பெனி பெண்களுக்கென்று லா ஃபெம் என்று ஒரு ரோஸ் நிறக் கார் விட்டது. முன் சீட்டின் பின்னால் ஒரு கைப்பை. அதற்குள் பவுடர் டப்பா, லிப்ஸ்டிக் கூடு, சீப்பு, சில்லறைப் பர்ஸ், சிகரெட் கூடு, லைட்டர். பெண் என்றால் இதெல்லாம் வேண்டும் என்று ஓர் ஆண் கூட்டம் உட்கார்ந்து யோசித்தது அந்தப் பையில் அப்படியே தெரிகிறது. கார் விற்கவில்லை. 1957 கேடிலாக் எல்டொராடோ ப்ரோமின் கிளவ் பாக்ஸில் காந்தம் வைத்த தம்ளர்களும் வாசனைத் தைலமும் சிகரெட் வைக்கும் இடமும் இருந்தன. அந்த வருடம் செய்தது 400 கார்கள்தான். இந்தச் சாமான்கள் இல்லாமல் கார் மட்டும் கிடைத்தால், அவற்றைத் தனித்தனியாகத் தேடிச் சேர்ப்பது காரைச் சரிசெய்வதைவிடக் கடினம்.

கடைசியாக, தயவுசெய்து செய்யாதீர்கள் என்று கேட்பது ஒன்று. கல்யாண போட்டோ, கண்காட்சி என்று பழைய கார் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ‘அந்தக் கால ஸ்டைலில்’ சிகரெட் பற்றவைக்கிறார்கள். அந்த சீட்டுக்குள் இருப்பது குதிரை முடியும் பஞ்சும். பஞ்சில் விழுந்த நெருப்பு வெளியே தெரியாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ஷெட்டில் பிடிக்கும். 1920-களின் திறந்த கார்களில் பக்கத் திரைகளில் ஜன்னலாகத் தைத்தது செல்லுலாய்டாக இருந்தால் அது காகிதத்தைவிட வேகமாகப் பிடிக்கும். பெட்ரோல் பைப்பின் வயதும் காரின் வயதே என்பதை மறக்க வேண்டாம்.

பழைய கார் வாங்கும்போது பின் சீட்டைக் கையால் தடவிப் பாருங்கள். பட்டாணி அளவில், ஓரம் கருகிய ஓட்டைகள் இருக்கும். முன் ஜன்னல் வழியே டிரைவர் வீசிய சிகரெட் துண்டு காற்றில் திரும்பி, பின் ஜன்னல் வழியே உள்ளே வந்து விழுந்த இடங்கள் அவை. பெரியப்பாவின் வண்டியில் மூன்று இருந்தன. அதில் ஒன்று விழுந்த அன்று பின் சீட்டில் இருந்தது நான்; என் வலது முழங்காலுக்கு மேலே அதே அளவில் ஒரு தழும்பு இருக்கிறது. சீட்டுக்குப் புது ரெக்சின் போட்டபோது மற்ற இரண்டையும் மூடிவிட்டு, அந்த ஓட்டை இருந்த துண்டை மட்டும் வெட்டித் தரச் சொல்லி வாங்கிவந்தேன். மறுபடி தேடிப் பிடித்த ஆஷ்ட்ரேக்குள் அது இருக்கிறது.