மேக் அட்டவணையும் வீலானும்: ‘பிங் போகுது’ என்று நம்பிவிடாதீர்கள்

வெள்ளவத்தையில் ஒரு அலுவலகம். “அண்ணை, ரோட்டுக்கு மற்றப் பக்கம் நெட் சரியான ஸ்லோ” என்றார் அங்கே ஐடி பார்க்கும் தம்பி. காலி வீதியின் எதிர்ப்புறத்தில் இருக்கும் சிறு கிளைக்குப் பழைய வயர்லெஸ் இணைப்பு ஒன்றுதான். அலமாரியைத் திறந்தால், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்சின் பச்சை விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் துடித்தன, ஆளில்லாத மேசைக்குப் போகும் போர்ட் (கேபிள் செருகும் இடம்) உட்பட.

மற்றக் கருவிகள் அனுப்பும் நடப்புக் குறிப்புகளைச் (லொக்) சேகரிக்கும் லொக் சேர்வருக்குத் தம்பி ஒரு பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி, போட்டார். விளக்குகள் அடங்கின. “இப்ப சரி.” ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அதே கூத்து.

சுவிட்ச், ஒரு ஃபிரேமை (தரவுப் பொட்டலத்தை) அனுப்பிய கருவியின் மேக் முகவரியை, அதாவது அதன் வன்பொருள் அடையாள எண்ணை, வீலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி வலையமைப்பு) எண்ணோடும் போர்ட்டோடும் சேர்த்து மேக் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பெறுநரின் முகவரி அந்த வீலானில் பதிவாகியிருக்காவிட்டால், வந்த போர்ட்டைத் தவிர அந்த வீலானின் எல்லாப் போர்ட்டுக்கும் ஃபிரேமை அனுப்பிவிடும். வாய் திறக்காத கருவியின் பதிவு, சிஸ்கோ சுவிட்சுகளில் மாற்றாமல் விட்டால் 300 விநாடியில் போய்விடும். வலையமைப்புகளுக்கு இடையே தரவை அனுப்பும் சிஸ்கோ ரவுட்டரின் ஏஆர்பி பதிவோ (எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் முகவரி என்ற குறிப்பு) 4 மணித்தியாலம் நிற்கும். லொக் சேர்வர் கேட்டுக்கொண்டே இருக்கும், பேசாது. ரவுட்டருக்கு அதன் முகவரி தெரியும், சுவிட்ச் மறந்துவிட்டது. வலையமைப்பின் காவல் கருவியான ஃபயர்வோல் அனுப்பும் லொக் முழுவதும் வீதி தாண்டியும் கொட்டியது. பிங்குக்கு வந்த பதில்தான் சுவிட்சுக்கு நினைவூட்டியது. சோதனையே நோயை மறைத்துவிட்டது!

ஏஆர்பி நேரத்தை 300 விநாடிக்குக் கீழே இறக்கினோம்: சுவிட்ச் மறக்குமுன் ரவுட்டர் மறுபடி கேட்கும், சேர்வரின் பதில் சுவிட்சுக்கு நினைவூட்டும். மேக் அட்டவணையின் நேரத்தை ஏஆர்பி நேரத்தை விடக் கூட்டியும் இதைச் சரிசெய்யலாம்.

இன்னொரு தவறு, சாதாரண கணினிகளின் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் (இங்கே சாதாரண கணினிதான் என்று சுவிட்சுக்குச் சொல்லும் அமைப்பு) போடாமல் விடுவது. கரண்ட் போய் வந்து எல்லோரும் கணினியைப் போடும்போது, பழைய ஸ்பானிங் ட்ரீயில் (சுவிட்சுகளுக்கு இடையே தரவு சுற்றிச் சுற்றி வராமல் தடுக்கும் முறை) ஒவ்வொரு போர்ட்டும் ‘மாற்றம்’ என்று அறிவிக்கும். மேக் அட்டவணையின் 300 விநாடி 15 ஆகிவிடும். அப்புறம் அதே வெள்ளம்தான்.

சுவிட்ச் வாங்கும்போது ஆட்களை மட்டும் எண்ணாதீர்கள். 20 வீலானில் ஒரே முகவரியோடு நிற்கும் ஃபயர்வோலுக்கு அட்டவணையில் 20 இடம் வேண்டும்.

வீலானைப் பார்க்காமல் முகவரியை மட்டும் தேடுவதும் ஆபத்து. ரவுட்டரின் முகவரி பல வீலானில் தெரிவது வழக்கம்தான். ஆனால் கணக்காளரின் கணினி வீலான் 10இலும் 20இலும் ஒரே நேரம் தெரிந்தால், யாரோ இரண்டு வீலானின் போர்ட்டுகளையும் ஒரு கேபிளால் இணைத்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுங்கள். உடனே அட்டவணையை அழிக்கப் போகாதீர்கள். நொடியில் திரும்ப நிரம்பிவிடும் என்பது ஒருபுறம், எந்தப் போர்ட்டில் தேடுவது என்று சொல்லும் தடயமே அதுதான்.