மலைவீட்டில் கணப்பு மூட்டுவது எப்படி?

கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர் பக்கம் குடும்பத்தோடு மலைவீடு எடுத்துத் தங்கினால், முதல் சாயங்காலமே ஒரு வேலை காத்திருக்கும்: கணப்பு மூட்டுவது. ஃபயர்பிளேஸ் என்று சொல்லி வீட்டைக் காட்டுவார்கள், மூட்டும் விதத்தைச் சொல்ல மாட்டார்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். விறகடுப்பு பழகிய கைக்கும் இது புதுசுதான். கணப்பில் நெருப்பைவிட, புகை போகும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1. வெளிச்சம் இருக்கும்போதே விறகைப் பாருங்கள். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. காய்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை தானாக உரியும். சீகை (வாட்டில் மரம்) விறகு நின்று எரியும். பைனில் பிசின் அதிகம். புகைபோக்கியில் கரி படியும் என்பதால் மூட்ட மட்டும் போதும். மூன்று மணி நேரத்துக்குப் பத்துக் கிலோ வாங்கி வையுங்கள். காட்டுக்குள் போய்ப் பொறுக்காதீர்கள், அது குற்றம்.

2. புகைபோக்கியின் கழுத்தில் இரும்புத் தகடு ஒன்று இருக்கும். அதை முழுக்கத் திறந்துவிட்டு, கணப்புக்குள் ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை மேலே ஏறினால் சரி. அறைக்குள் திரும்பினால், குழாய்க்குள் குளிர்ந்த காற்று கனத்து இறங்கி அடைத்துக்கொண்டிருக்கிறது. செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, கழுத்துக்கு நேராக ஓரிரு நிமிடம் பிடித்தால் காற்று சூடாகி மேலே கிளம்பும். அப்போதும் புகை திரும்பினால் உள்ளே கூடோ கரியோ அடைத்திருக்கலாம். அன்று மூட்டவே வேண்டாம், கம்பளியோடு சமாளியுங்கள்.

3. பழைய சாம்பலை ஓர் அங்குலம் விட்டுவிட்டு மீதியை வாருங்கள். மணிக்கட்டுப் பருமனில் இரண்டு கட்டைகளை ஒரு சாண் இடைவெளியில் வைத்து, நடுவே தளர்வாகக் கசக்கிய காகிதம் ஐந்தாறு உருண்டை, நாலு கற்பூரம், இரண்டு கொட்டாங்குச்சி. மேலே பென்சில் பருமன் சுள்ளிகள் பதினைந்து, விரல் பருமனில் ஆறேழு, குறுக்கும் நெடுக்குமாக. இறுக்கி அடுக்கினால் காற்று நுழையாமல் புகையும். மண்ணெண்ணெய், பெட்ரோல் கூடவே கூடாது. ஆவி குப்பென்று பற்றி முகத்தில் அடிக்கும்.

4. காகிதத்தைக் கொளுத்துங்கள். சுள்ளிகள் நன்றாகப் பிடித்ததும் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பின்பக்கம் வையுங்கள். எதிரே உள்ள ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தே ஆக வேண்டும். குளிர் வருகிறதே என்று எல்லாவற்றையும் சாத்தினால், நெருப்புக்குக் காற்று கிடைக்காமல் புகை உள்ளே திரும்பும்.

5. படுக்கப்போவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்துங்கள். தணல் முழுக்க ஆறும்வரை தகட்டை மூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு அறையில் நிறையும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பார்பிக்யூ கரியை அறைக்குள் எடுத்துவந்து தூங்கியவர்கள், கொடைக்கானலிலும் ஊட்டியிலும் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்புதான் அறிகுறி. மலைப்பாதை வளைவுகளில் வந்த மயக்கம் என்று நினைத்துப் படுத்துவிடுவதுதான் ஆபத்து. இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் உடனே வெளியே வாருங்கள், 108-ஐ அழையுங்கள்.

6. மறுநாள் சாம்பலை இரும்பு வாளியில் மட்டும் அள்ளுங்கள். மேலே வெள்ளையாக ஆறியிருந்தாலும், அடியில் நாலு நாள் வரைக்கும்கூடக் கங்கு உயிரோடு கிடக்கலாம். தண்ணீர் ஊற்றிக் கிளறி, புகை வரவில்லை என்று பார்த்த பிறகே கொட்டுங்கள்.